தண்ணீர் இறங்கும்போதே அளந்துவிடுங்கள்

டணாயக்கன்கோட்டையைப் பார்க்க வேண்டுமானால் மழை பொய்க்க வேண்டும். பவானிசாகர் அணையின் நீர்மட்டம் ஐம்பது அடிவாக்கிற்குச் சரிந்தால்தான் கோட்டைக்குள்ளிருக்கும் மாதவராயப் பெருமாள் கோயிலின் கருங்கல் மண்டபம் தலைகாட்டும். அப்படியொரு கோடையில் மீன்காரர் பரிசலில் போய் இறங்கினேன். முழங்கால் வரை சேறு. தூணோரம் யாரோ புதையல் தேடித் தோண்டிய குழி. "மதிலைப் பாக்கோணும்னா இன்னும் எறங்கோணுங்க" என்றார் பரிசல்காரர்.

நான் ஆனைகட்டிக்காரன், ஓய்வுபெற்ற சர்வேயர். எங்களூரில் கேரள எல்லையாக ஓடும் கொடுங்கரைப்பள்ளம், அட்டப்பாடியில் பவானியோடு கலந்து, கடைசியில் இந்தக் கோட்டையின் மேல்தான் போய்த் தேங்குகிறது. அதை மூழ்கடித்ததில் எங்கள் தண்ணீருக்கும் பங்குண்டு. வருத்தமில்லை. 1948-இல் தொடங்கி 1955-இல் முடிந்த அந்த அணையை நம்பி 2 லட்சம் ஏக்கருக்கு மேல் விளைகிறது. என் மனைவி வீட்டாரின் மஞ்சளும் அதில் அடக்கம்.

ஆனால் மூழ்கிய இந்தக் கோட்டை சாதாரண மண்மேடு அல்ல. போசளரின் தண்டநாயகன் மாதவன் 14ஆம் நூற்றாண்டில் ஆண்ட இடம். மாயாறும் பவானியும் கூடுமிடத்தில், மைசூரிலிருந்து கொங்குச் சமவெளிக்கு இறங்கும் கெஜலட்டிக் கணவாயைக் காத்து நின்றது. 1790 செப்டம்பரில் திப்பு அந்தக் கணவாயில்தான் படையோடு இறங்கினார். சத்தியமங்கலத்தில் கர்னல் ஃபிளாய்டின் கும்பினிப் படை அடிபட்டு, பீரங்கிகளைக்கூட விட்டுவிட்டுப் பின்வாங்கியது. எங்களுக்குத் தெற்கே ஹைதர் அலி 1766-இல் கட்டிய பாலக்காட்டுக் கோட்டையை மத்தியத் தொல்லியல் துறை பராமரிக்கிறது. மாலையில் குடும்பம் குடும்பமாக நடை போகிறார்கள். அதே போர்களைப் பார்த்த நம் கோட்டை தெரிவதோ, வறட்சிச் செய்தியின் படத்தில் மட்டும்.

சுற்றுலாத் தலமாக்கச் சொல்லவில்லை. சுற்றிலும் சத்தியமங்கலம் புலிகள் காப்பகம், யானை தண்ணீருக்கு வரும் கரை. கூட்டம் வராமலிருப்பதே நல்லது. நான் கேட்பது ஒரு வரைபடம். மதில் எங்கே திரும்புகிறது, வாசல் எத்திசை, எந்தக் கல்லில் எழுத்து இருக்கிறது என்பதை வண்டல் மூடுமுன் குறித்துக்கொள்ள வேண்டும். சங்கிலி பிடித்து அளந்த எங்கள் காலத்தில் இது மாதக்கணக்கான வேலை. இன்று டோட்டல் ஸ்டேஷனும் டிரோனும் இருக்கின்றன. விவரமான ஆட்கள் என்றால் ஒரு வாரம் தாராளம்.

தென்மேற்குப் பருவமழைக்கு முன் ஏப்ரல், மே மட்டுமே கிடைக்கும். நீர்மட்டத்தைத் தினமும் குறித்துவைக்கும் நீர்வளத் துறை, அது இறங்கும்போது மாநிலத் தொல்லியல் துறைக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். வனத் துறை அனுமதியை மார்ச்சிலேயே வாங்கி வைத்துவிடலாம்.