ரோமன் ஹாலிடே: ஏன் சார் சேர்த்து வைக்கலை?

முதலிலேயே ஒரு எச்சரிக்கை. படம் பார்க்காதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொண்டு, 118 நிமிடம் ஒதுக்கிப் பார்த்துவிட்டு வரலாம். கீழே முடிவைப் பற்றித்தான் பேச்சு முழுக்க. 1953-ல் வந்த படத்துக்கு இன்னும் என்ன ரகசியம் என்று கேட்பவர்கள் தாராளமாகத் தொடரலாம்.

'ரோமன் ஹாலிடே' பார்த்தவர்களைக் கேட்டால் ஆட்ரி ஹெப்பர்ன் அழகு என்பதில் மட்டும் எல்லோரும் ஒரே கட்சி. அதைத் தாண்டினால் சண்டைதான். கடைசியில் இருவரையும் சேர்த்து வைத்திருக்க வேண்டும் என்று ஒரு கூட்டம். அந்தப் பத்திரிகைக்காரன் ஒரு ஃபிராடு, அவனுக்கு அவள் கிடைக்காதது நல்லதாகப் போயிற்று என்று இன்னொரு கூட்டம். அரண்மனையை விட்டு ஓடிவந்த பெண்ணை மறுபடி அரண்மனைக்கே அனுப்பிவைத்த பழமைவாதப் படம் என்று மூன்றாவது கூட்டம். மூன்று பேரும் சொல்வதில் கொஞ்சம் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. அதுதான் இதில் சுவாரஸ்யமே.

கதை தெரியாதவர்களுக்காக (எச்சரிக்கையை மீறி வந்தவர்களுக்காக) சுருக்கமாக. பெயர் சொல்லப்படாத ஏதோ ஒரு நாட்டின் இளவரசி ஆன், ஐரோப்பியச் சுற்றுப்பயணத்தில் ரோமுக்கு வருகிறாள். நாள் முழுக்க கைகுலுக்கல், புன்னகை, எழுதிக்கொடுத்த பேச்சு. நீளமான கவுனுக்குள் ஒரு காலைச் செருப்பிலிருந்து மெல்ல வெளியே எடுத்து ஆசுவாசப்படுத்திக்கொள்ளப் போய், அந்தச் செருப்பு கைக்கு (காலுக்கு?) எட்டாமல் விழுந்துவிடும் பாருங்கள், அந்த ஒரு நிமிடத்திலேயே அவள் நிலைமை முழுக்கத் தெரிந்துவிடும். அன்று இரவு அவள் வெடித்து அழ, டாக்டர் தூக்க ஊசி போடுகிறார். மருந்து வேலை செய்வதற்குள் ஒரு வண்டியில் ஒளிந்து வெளியேறிவிடுகிறாள். தெருவோரத்தில் தூங்கி விழுந்துகொண்டிருப்பவளைச் சீட்டாட்டம் முடிந்து வரும் அமெரிக்க நிருபர் ஜோ பிராட்லி பார்க்கிறான். வேறு வழியில்லாமல் தன் அறைக்குக் கூட்டிப் போகிறான். மறுநாள் ஆபீசில் பேப்பரைப் பார்த்த பிறகுதான் அறையில் தூங்குவது யார் என்று தெரிகிறது. உடனே எடிட்டரிடம் பேரம். படத்தோடு பிரத்தியேகப் பேட்டி கொண்டுவந்தால் 5000 டாலர். உன்னால் முடியாது என்று எடிட்டர் கட்டும் பந்தயம் 500 டாலர். அந்தக் காசில் நியூயார்க்குக்கு ஒருவழி டிக்கெட் எடுத்துவிட வேண்டும் என்பது ஜோவின் கனவு. கையில் வாடகைக்கே காசில்லாத ஆள்.

அவள் தன்னை ஆன்யா ஸ்மித் என்றும் பள்ளியிலிருந்து ஓடிவந்தவள் என்றும் சொல்கிறாள். அவன் உரம், ரசாயனம் விற்கும் வியாபாரி என்கிறான். இரண்டு பேரும் புளுகு. ஆனால் ஒரு வித்தியாசம்: அவள் சொல்வது புளுகு என்று அவனுக்குத் தெரியும். அவன் சொல்வது புளுகு என்று அவளுக்குத் தெரியாது.

இந்த இடத்தில்தான் ஃபிராடு கட்சியின் வாதம் வலுவாக நிற்கிறது. பீட்சா பேக்கரி வாசலில் காதலிப்பதற்காக நிற்பவன் இல்லை இவன். முடி வெட்டிக்கொள்ளப் போகிறவளைப் பின்தொடர்கிறான். தற்செயலாகச் சந்தித்ததுபோல ஸ்பானிஷ் படிக்கட்டில் வந்து உட்காருகிறான். நண்பன் இர்விங்கை வரவழைத்து, சிகரெட் லைட்டருக்குள் ஒளித்த கேமராவால் அவளுக்குத் தெரியாமல் படம் எடுக்க வைக்கிறான். அவள் முதல் சிகரெட் பிடிப்பதுகூட ஃபிலிமில் ஏறுகிறது. இதை இன்றைக்கு யாராவது ஒரு கல்லூரிப் பெண்ணுக்குச் செய்தால் போலீஸ் கேஸ். ஒளிந்து படம் எடுப்பவர்களுக்கு 'பாப்பராட்சி' என்று உலகம் முழுக்கப் பெயர் வந்ததே 1960-ல் வந்த ஃபெல்லினியின் 'லா டோல்சே வீட்டா'வில் இருக்கும் புகைப்படக்காரர் பாத்திரத்தின் பெயரிலிருந்துதான். அதுவும் இதே ரோம். அந்தப் பெயர் கிடைப்பதற்கு ஏழு வருடம் முன்பே அதே தெருக்களில் இர்விங் அந்தத் தொழிலைச் சிரித்துக்கொண்டே செய்துவிட்டார்.

படம் இதை மூடி மறைக்கிறதா? இல்லை. கிரெகரி பெக் மாதிரி ஒரு கண்ணியமான முகத்தை வைத்துக்கொண்டு ஜோவை நல்லவனாகக் காட்டுவது இயக்குநர் வில்லியம் வைலருக்கு ரொம்ப சுலபம். அவர் அப்படிச் செய்யவில்லை. ட்ரெவி நீரூற்றுப் பக்கம் ஒரு பள்ளிச் சிறுமியின் கேமராவைப் பிடுங்கப் பார்த்து அசடு வழிகிற காட்சி இருக்கிறதே, அது வெறும் காமெடி மட்டுமில்லை. இந்த ஆள் இப்போதைக்கு எவ்வளவு கீழே இறங்கத் தயார் என்று அளந்து காட்டுகிற காட்சி.

அப்புறம் அந்த 'சத்திய வாய்'. ரோமில் சாந்தா மரியா இன் காஸ்மெதீன் தேவாலயத்தின் முன்மண்டபத்தில் இருக்கும் பெரிய கல் முகம். பொய் சொல்பவர் அதன் வாயில் கையை விட்டால் கடித்துவிடும் என்பது நம்பிக்கை. அவள் பயந்து பயந்து கையைக் கொண்டுபோய்ப் பின்வாங்கிவிடுகிறாள். அவன் கையை உள்ளே விட்டு, அலறி, வெளியே இழுத்தால் கையே இல்லை! சட்டைக் கைக்குள் மடக்கி வைத்திருக்கிறான். ஹெப்பர்ன் போடும் அந்த அலறல் நிஜம். பெக் இப்படிச் செய்யப்போகிறார் என்று அவரிடம் சொல்லவே இல்லையாம். எல்லோரும் ரசிக்கும் காட்சி. ஆனால் இரண்டாம் முறை பார்த்தால் வேறு ஒன்று தெரியும். பொய்யைக் கண்டுபிடிக்கும் கல்லின் முன்னால் நின்றுகொண்டு, பெரிய பொய்க்காரன் அதை வைத்தே விளையாடுகிறான். சின்னப் பொய் சொன்னவள் நடுங்குகிறாள். யாருக்கு மனசாட்சி இருக்கிறது என்று வசனமே இல்லாமல் சொல்லியாகிவிட்டது.

ஆக ஜோ ஃபிராடு என்பவர்கள் படத்துக்கு எதிராகப் பேசவில்லை, படம் சொன்னதையே திரும்பச் சொல்கிறார்கள். அவர்கள் விட்டுவிடுவது பின்பாதியை. டைபர் நதியில் மிதக்கும் படகில் நடனம், தேடிவந்த ரகசியப் போலீசோடு கைகலப்பு (இளவரசி கிடாரால் ஒரு ஆளின் மண்டையில் போடுவாள், தியேட்டரில் விசில் பறந்திருக்கும்), ஆற்றில் குதித்து நீந்திக் கரையேறி நனைந்த உடையோடு ஒரு முத்தம். அதன் பிறகு அவனால் அந்தக் கதையை எழுத முடியவில்லை. எடிட்டர் வீட்டுக்கே வந்து கேட்கிறார். கதை எதுவும் இல்லை என்கிறான். 5000 டாலர் போயிற்று, பந்தயம் தோற்ற 500-ம் போயிற்று, நியூயார்க் டிக்கெட்டும் போயிற்று. "மன்னித்துவிடு, உன்னை ஏமாற்றினேன்" என்று அவளிடம் அவன் ஒரு வார்த்தை சொல்வதில்லை. நம்மூர்ப் படமாக இருந்தால் இந்த இடத்தில் மழையும் ஐந்து நிமிட வசனமும் நிச்சயம். இங்கே விற்காமல் இருப்பதுதான் மன்னிப்பு. நண்பன் இர்விங்குக்கும் அதே நஷ்டம்தான், அவனும் ஒரு முனகலோடு விட்டுவிடுகிறான் என்பதை யாரும் கவனிப்பதில்லை. பாவம் இர்விங்.

இந்த 'விற்காமல் இருப்பது' என்பதற்குப் பின்னால் ஒரு நிஜக் கதை இருக்கிறது. படத்தின் கதையை எழுதியவர் டால்டன் ட்ரம்போ. ஆனால் 1953-ல் திரையில் அவர் பெயர் கிடையாது. 1947-ல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஹாலிவுட்டில் கம்யூனிஸ்டுகளைத் தேடியபோது பதில் சொல்ல மறுத்த பத்துப் பேரில் ஒருவர் அவர். சிறைக்குப் போனார், ஸ்டுடியோக்கள் கறுப்புப் பட்டியலில் வைத்தன. அதனால் நண்பர் இயன் மெக்லெலன் ஹண்டரின் பெயரில் கதை போயிற்று. சிறந்த கதைக்கான ஆஸ்கரும் ஹண்டர் பெயருக்கே வந்தது. 1976-ல் ட்ரம்போ இறந்து, 1993-ல்தான் அந்த விருது அவர் பெயரில் மனைவியிடம் கொடுக்கப்பட்டது. திரைக்கதைக்கான பெயரை எழுத்தாளர் சங்கம் திருப்பிக் கொடுத்தது 2011-ல்.

அந்தக் காலத்தில் ஹாலிவுட்டில் பிழைக்க ஒரு சுலப வழி இருந்தது: உனக்குத் தெரிந்தவர்களின் பெயரைச் சொல். பலர் சொன்னார்கள், வேலை திரும்பக் கிடைத்தது. சொந்தப் பெயரைப் போட்டுக்கொள்ள முடியாத ஒருவர் எழுதியது, சொந்தப் பெயரைச் சொல்ல முடியாத ஒரு பெண்ணின் கதை. அவளைப் பற்றித் தெரிந்ததைச் சொன்னால் கை நிறையக் காசு என்ற நிலையில் வாயை மூடிக்கொள்ளும் ஒருவனின் கதை. ட்ரம்போ இதை யோசித்துத்தான் எழுதினார் என்று அடித்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இது தெரிந்த பிறகு ஜோவை வெறும் ஏமாற்றுக்காரன் என்று சொல்லிவிட்டுப் போவது கஷ்டம்.

சரி, சேர்த்து வைக்கச் சொல்பவர்களுக்கு வருவோம். அவர்களுக்கு 1953-லேயே நிஜ உலகத்தில் ஒரு கதை கிடைத்தது. இங்கிலாந்து இளவரசி மார்கரெட், விவாகரத்தான விமானப்படை அதிகாரி பீட்டர் டவுன்செண்டைக் காதலிக்கும் செய்தி அந்த வருடம்தான் பத்திரிகைகளில் வெடித்தது. படம் வெளிவந்ததும் அதே வருடம், ஆகஸ்டில். கதை எழுதப்பட்டதோ பல வருடம் முன்பு, எனவே இது சுத்தத் தற்செயல். 1955-ல் மார்கரெட் அவரை மணக்கப் போவதில்லை என்று அறிவித்துவிட்டார். 'சேராத முடிவு நம்ப முடியாதது' என்று சொல்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

நம்ப முடியுமா என்பதை விடுங்கள். சேர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அவளுக்குச் சமைக்கத் தெரியும், ஆனால் சமைக்க வாய்ப்பே வந்ததில்லை. அவன் அறையில் சமையலறையே இல்லை. படத்திலேயே இது ஒரு வசனமாக வரும், மிக மெல்லிய சோகத்தோடு. ஒரு நாள் அறிமுகம். அவனுக்கு நிலையான காசில்லை. அவள் காணாமல் போனால் ஒரு நாடே தேடும். மே மாதம் (1994) மாதிரி இந்தக் கதையின் சாயலில் எடுத்த தமிழ்ப் படத்தில் ஓடிவந்தவள் பணக்கார வீட்டுப் பெண். அப்பாவைச் சமாளித்தால் போதும். இங்கே சமாளிக்க வேண்டியது ஒரு கிரீடத்தை.

பழமைவாதம் என்கிற மூன்றாவது கூட்டத்துக்குத்தான் பதில் சொல்வது கடினம். உண்மையிலேயே அவள் கடமைக்குத்தான் திரும்புகிறாள். ஆனால் திரும்பி வந்த இரவில் தூதரகத்தில் நடப்பதைப் பாருங்கள். கடமையைப் பற்றி அவளுக்குப் பாடம் எடுக்கப் பார்க்கிறார் தூதர். கடமை தெரியாமல் இருந்திருந்தால் இன்று மட்டுமல்ல, என்றைக்குமே வந்திருக்க மாட்டேன் என்கிற பொருளில் ஒரே பதில். அவர் வாயடைத்துப் போகிறார். தினமும் இரவில் குழந்தைக்குக் கொடுப்பது மாதிரி கொடுக்கும் பாலும் பிஸ்கட்டும் வருகிறது. வேண்டாம் என்று அனுப்பிவிடுகிறாள். முதல் நாள் அவளை ஊசி போட்டுத் தூங்க வைத்தவர்கள் இன்று அவள் சொன்னால் அறையை விட்டு வெளியே போகிறார்கள். இழுத்து வந்து அடைத்த கிளி இல்லை இது. அதற்காக இது பெண் விடுதலைப் படம் என்றும் சொல்லிவிட முடியாது. இரண்டு வழிதான் அவளுக்கு இருந்தது, இரண்டுமே நஷ்டம். அந்தக் குறை படத்தில் இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும்.

ஹெப்பர்னுக்கு அப்போது 23 வயது. ஹாலிவுட்டில் முதல் பெரிய வேடம். படப்பிடிப்பின்போதே பெக், இந்தப் பெண்ணின் பெயரையும் தலைப்புக்கு மேலே தன் பெயரோடு போடுங்கள் என்று சொன்னார். தன் மார்க்கெட்டைப் பற்றிக் கவலைப்படாத பெரிய நடிகர்! அவர் கணிப்பு தப்பவில்லை, சிறந்த நடிகை ஆஸ்கர் ஹெப்பர்னுக்கே.

கடைசிக் காட்சி, பத்திரிகையாளர் சந்திப்பு. நிருபர்கள் வரிசையில் ஜோவைப் பார்த்ததும் அவளுக்கு எல்லாம் புரிகிறது. ஒரு கண் சிமிட்டலுக்குள் அந்த முகத்தில் சந்தேகம் வந்து போகும். நாடுகளின் நட்பைப் பற்றிக் கேட்ட கேள்விக்கு, மனிதர்களுக்கிடையிலான உறவில் இருப்பதுபோலவே அதிலும் நம்பிக்கை உண்டு என்கிறாள். அந்த நம்பிக்கை வீண்போகாது என்று கூட்டத்திலிருந்து ஜோ சொல்கிறான். மற்ற நிருபர்களுக்கு அது சாதாரண மரியாதைப் பேச்சு. இர்விங் அந்த லைட்டரை எடுத்து எல்லோர் முன்னாலும் ஒரு படம் எடுக்கிறான், அப்போதுதான் அது கேமரா என்று அவளுக்குத் தெரிகிறது. அடுத்து கைகுலுக்கும்போது ரோம் நினைவாக என்று ஒரு கவரை நீட்டுகிறான். உள்ளே எல்லாப் படமும். மேலாக இருப்பது கிடாரால் அடிக்கும் படம்.

எல்லோரும் போன பிறகு ஜோ மட்டும் அந்தப் பெரிய மண்டபத்தில் நிற்கிறான். திரும்பி நடக்கிறான். நீளமான நடை. அவள் மறுபடி வந்துவிடுவாளோ என்று முதல் தடவை பார்க்கும் ஒவ்வொருவரும் அவன் பின்னால் இருக்கும் கதவையே பார்ப்பார்கள். வாசல்வரை வந்து அவனும் ஒரு தடவை திரும்பிப் பார்க்கிறான்.