விடையை அச்சிட்ட பின் பரிசோதனை எதற்கு?



நான்காம் ஆண்டு அறிவியலுக்கென விற்கப்படும் பயிற்சி நூல் ஒன்று என் மேசைமேல் கிடக்கிறது. நோக்கம், கருதுகோள், தற்சார்பு மாறி, சார்பு மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறி, செய்முறை, உற்றறிதல், முடிவு என்று கட்டங்கள் ஒழுங்காக வரையப்பட்டுள்ளன. 'முடிவு' என்னும் கட்டத்தில் வாக்கியம் முன்னரே அச்சாகியிருக்கிறது. இரண்டு சொற்களுக்கு மட்டும் கோடிட்ட இடம். அவ்விரண்டு சொற்களும் நூலின் கடைசிப் பக்கத்தில் உள்ளன. ஒரு விதையைக்கூடத் தொடாமல் மாணவன் முழுமதிப்பெண் பெறலாம். பெற்றுக்கொண்டும் இருக்கிறான்.

இதைப் பரிசோதனை என்று அழைப்பது அச்சொல்லுக்கு இழைக்கும் அநீதி. இது சடங்கு. சடங்கில் முடிவு முதலிலேயே தெரியும். மந்திரத்தைப் பிழையின்றிச் சொன்னால் போதும். யு.பி.எஸ்.ஆர். தேர்வு இருந்தவரை தேர்வின்மேல் பழியைப் போட்டோம். அத்தேர்வு 2021-இல் நீக்கப்பட்டது. இப்பொழுது யார்மேல் போடுவது?

ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். ஷா ஆலத்தில் என் வகுப்பு மாணவன் ஒருவன் இரண்டு தகரக் குவளைகளில் ஈரப்பஞ்சு இட்டுப் பச்சைப்பயறு முளைக்க வைத்தான். ஒன்று சன்னலோரம், மற்றொன்று மூடிய அலமாரிக்குள். இரண்டிற்கும் ஒரே அளவு நீர். ஒரு வாரம் கழித்து அளந்தபோது அலமாரிச் செடி சன்னலோரச் செடியைவிட ஏறத்தாழ இருமடங்கு உயரமாக இருந்தது. அறிக்கையை வாங்கிப் பார்த்தேன். எண்கள் அழிக்கப்பட்டு இடம் மாற்றி எழுதப்பட்டிருந்தன. காரணம் கேட்டேன். "சூரிய ஒளி இருந்தால்தானே ஐயா செடி வளரும், நூலில் அப்படித்தானே இருக்கிறது" என்றான். கண் கண்டது, அளவுகோல் சொன்னது, கை எழுதியது. அச்செழுத்து வந்து மூன்றையும் அழித்துவிட்டது. பத்து வயதில்!

அவன் கண்டது சரியே. இருட்டில் முளைத்த தளிர், விதையில் சேமித்து வைத்த உணவைச் செலவிட்டு ஒளியைத் தேடித் தண்டை நீட்டுகிறது. அது வெளிறி, மெலிந்து, இலை விரியாமல் இருக்கும். உணவு தீர்ந்ததும் மடிந்துவிடும். 'வளர்ச்சி'யை உயரத்தால் மட்டும் அளந்தால் என்ன கோளாறு நேரும் என்பதை அச்சிறுவனின் அழிக்கப்பட்ட எண்கள்தாம் காட்டின. அந்த வகுப்பிலேயே சிறந்த பாடம் அதுதான். அதைத்தான் அழிப்பான் தேய்த்துவிட்டது.

அச்செழுத்தை நம்பிக் கண்ணை மறுக்கும் இவ்வழக்கத்தை எதிர்த்து ஐரோப்பாவில் ஒரு பெரும் சண்டையே நடந்தது. பிரான்சிஸ் பேக்கன் 1620-இல் 'நோவும் ஓர்கானும்' என்னும் நூலை வெளியிட்டார். அவர் அரசின் வழக்கறிஞராக இருந்தவர். சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யத் தெரிந்தவர். பட்டறிவுக்கும் பரிசோதனைக்கும் அவர் வேறுபாடு கண்டார். தானாக வந்து நேர்வது வெறும் பட்டறிவு, அது தற்செயல். தேடிச் சென்று பெறுவதே பரிசோதனை. விளக்கில்லாமல் இருட்டில் சுவரைத் தடவி நடப்பவனுக்கும் பட்டறிவு உண்டு. முதலில் விளக்கை ஏற்றிக்கொண்டு நடப்பது வேறு என்பது அவர் கருத்து. எறும்பு, சிலந்தி, தேனீ உவமையையும் அவரே சொன்னார். வெளியிலிருந்து சேர்த்துக் குவிப்பது எறும்பு. தன் வயிற்றிலிருந்தே நூலை இழுத்து வலை பின்னுவது சிலந்தி. வெளியே சென்று சேர்த்து, உள்ளே செரித்து மாற்றுவது தேனீ. நம் பயிற்சி நூல் எதுவென்று நான் சொல்லத் தேவையில்லை. வலை அழகாகத்தான் இருக்கிறது.

அவருக்குப் பின் வந்த இராபர்ட் பாயில், காற்று வாங்கும் பொறியைக் கொண்டு செய்த ஆய்வுகளை 1660-இல் வெளியிட்டார். அதே ஆண்டில் இலண்டனில் இராயல் சொசைட்டி தொடங்கியது. எவர் சொன்னார் என்பதற்காக எதையும் ஏற்காதே என்னும் பொருள்பட அக்கழகம் இலத்தீனில் முழக்கம் வைத்துக்கொண்டது. எனக்குப் பாயிலிடம் மிகவும் பிடித்தது பொறியன்று; 1661-இல் தோல்வியுற்ற பரிசோதனைகளைப் பற்றியே அவர் தனிக் கட்டுரைகள் எழுதி வெளியிட்டார். எது எதிர்பார்த்தபடி நடக்கவில்லை, மருந்தில் கலப்படமா, கருவியில் கசிவா என்று எழுதினார். நம் அறிக்கைப் படிவத்தில் அதற்குக் கட்டம் எங்கே? தோமஸ் ஹாப்ஸ் என்னும் மெய்யியலாளர், ஒழுகும் பொறியை வைத்துக்கொண்டு உறுதியான அறிவைப் பெறுவதா என்று பாயிலைச் சாடினார். நேர்மையான கேள்விதான். ஆனால் பொறி ஒழுகியது என்பதை முதலில் எழுதி வைத்தவர் யார்?

அடுத்து ஜான் லாக். 1689-இல் வெளிவந்த அவருடைய நூலால் 'குழந்தையின் மனம் வெள்ளைத்தாள்' என்னும் கருத்து பரவியது. ஆசிரியர் பயிற்சிகளில் இதைக் கேட்டுக் கேட்டு நமக்குக் காது புளித்துவிட்டது. தாள் வெறுமையாக இருக்கிறது, ஆகவே நாம் எழுதுவோம் என்று பொருள் கொண்டுவிட்டோம். லாக் சொன்னது அதுவன்று. தாளில் எழுதுவது பட்டறிவு. ஐம்புலன் நுகர்வும், தன் மனம் இயங்குவதைத் தானே நோக்கும் நோக்கமும் சேர்ந்தது அது. எழுதுகோலை அவர் ஆசிரியர் கையில் கொடுக்கவே இல்லை.

அதே நூலில் லாக் ஒரு கதை சொல்கிறார். நம் அண்டை நாடான சயாமின் அரசரிடம் டச்சுத் தூதர் ஒருவர், தம் நாட்டில் குளிர்காலத்தில் நீர் உறைந்து யானையே நடக்கும் அளவு கெட்டியாகும் என்றாராம். இதுவரை நீ சொன்ன விந்தைகளை நம்பினேன், இப்போது நீ பொய்யன் என்பது தெரிந்துவிட்டது என்றாராம் அரசர். 1748-இல் டேவிட் ஹியூம் இதையொத்த ஒரு கதையை இந்திய இளவரசன் ஒருவன்மேல் ஏற்றிச் சொன்னார். தான் கண்ட அளவில் அவன் சிந்தித்தது முறையே என்றும் தீர்ப்பளித்தார். இங்கே ஷா ஆலத்தில் ஐ-சிட்டியில் செயற்கைப் பனிக்கூடம் அமைத்துச் சீட்டுக் கொடுத்தார்கள். அவ்வரசர் பாவம், முந்நூறு ஆண்டு முந்திவிட்டார். சிரிப்பு ஒருபுறம் இருக்கட்டும். பட்டறிவு மட்டுமே போதும் என்பவர்க்கு இக்கதை ஓர் எச்சரிக்கை. வெப்ப நாட்டில் ஆயிரம் ஆண்டு வாழ்ந்தாலும் பனிக்கட்டி தானாக வந்து நிற்காது.

'பட்டறிவு மட்டுமே போதும்' என்னும் இக்கூட்டம் நம்மிடையே பெரிது. நம் முன்னோர் அனைத்தும் அறிந்திருந்தனர், பரிசோதனை மேனாட்டார் வேலை என்று புலனத்தில் நாளும் செய்தி அனுப்புகிறார்கள். அவர்கள் விரும்பும் சான்றையே எடுத்துக்கொள்கிறேன்: புழுங்கல் அரிசி.

ஏறத்தாழ நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் மலாயாவில் பெரிபெரி என்னும் நோய் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. கால் மரத்து, உடல் வீங்கி, இதயம் தளர்ந்து இறப்பர். ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளர் மிகுதியும் மாண்டனர்; தோட்டத்துத் தமிழர்க்கு அது அரிதாகவே வந்தது. நெகிரி செம்பிலானில் பணியாற்றிய மருத்துவர் லியோனர்ட் பிராடன் இவ்வேறுபாட்டை உணவோடு பொருத்திப் பார்த்தார். சீனர் உண்டது ஆலையில் தீட்டிய வெள்ளையரிசி. தமிழர் உண்டது புழுங்கல்.

வேறுபாட்டைக் கண்டது உற்றறிதல். அது போதாது. சுரங்கத்துக்கும் தோட்டத்துக்கும் இடையே குடியிருப்பு, நீர், வேலை என எத்தனையோ மாறிகள். 1905-இன் இறுதியில் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் வில்லியம் பிளெட்சர் என்னும் மருத்துவர் நோயாளிகளை வரிசையாக அமர்த்தி எண்ணிட்டார். ஒற்றை எண்ணினர்க்கு வெள்ளையரிசி, இரட்டை எண்ணினர்க்குப் புழுங்கல். மற்ற உணவு ஒன்றே. எதிரெதிரே ஒரே மாதிரியான இரு கூடங்கள். நோய் கட்டடத்தில்தான் இருக்கிறதோ என்னும் ஐயத்தால் இடையில் கூடங்களையும் மாற்றினார். 1906-இன் முடிவில் வெள்ளையரிசி உண்ட 120 பேரில் முப்பதுக்கும் மேற்பட்டோர் நோயுற்றிருந்தனர். 18 பேர் இறந்தனர். புழுங்கல் உண்ட 123 பேரில் நோய் கண்டவர் இருவரே. அவ்விருவரும் வரும்போதே நோயோடு வந்தவர்கள்.

தற்சார்பு மாறி, சார்பு மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறி என்று நம் பிள்ளைகள் மனப்பாடம் செய்யும் மூன்று சொற்களின் உயிர் இதுவே. இது நடந்த ஊர் நம் வீட்டிலிருந்து அரைமணிப் பயணம். இதை ஏன் எந்த வகுப்பிலும் சொல்வதில்லை?

பிராடனின் விளக்கம் தவறு என்பதையும் சொல்ல வேண்டும். அரிசியில் ஏதோ நஞ்சு சேர்கிறது என்று அவர் எண்ணினார். உண்மையில் ஒன்று குறைந்திருந்தது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயமின் என்னும் உயிர்ச்சத்து அரிசிக்குள் இறங்குகிறது. பின்னர்த் தீட்டினாலும் ஓரளவு தங்குகிறது. அச்சத்தைப் பிரித்தெடுத்தது 1926-இல்தான். ஆயினும் எந்த அரிசி கொல்கிறது என்பதை, ஏன் கொல்கிறது என்று தெரிவதற்கு இருபது ஆண்டு முன்பே கோலாலம்பூர் காட்டிவிட்டது.

அப்படியானால் நம் பாட்டிமார் தயமினை அறிந்திருந்தனரா? இல்லை. நெல் எளிதில் உமி நீங்கும், அரிசி உடையாது, நாள்பட இருக்கும், நாவுக்குப் பழகியது, அதனால் புழுக்கினர். அது காலங்காலமாக நடந்த நல்ல பழக்கம். அதை இகழ்பவன் அல்லன் நான். ஆனால் அதைச் செய்யாவிடில் என்ன நேரும் என்று சொல்ல இயன்றவனே அதை அறிந்தவன். நேர்த்திக்கடனால் கப்பல் விபத்தில் பிழைத்தோரின் படங்களைக் கோயிலில் காட்டியபோது, நேர்ந்துகொண்ட பின்னும் மூழ்கியவர்களின் படங்கள் எங்கே என்று ஒருவன் கேட்டதாகப் பேக்கன் எழுதினார். புலனத்து அன்பர்களிடம் நான் கேட்பதும் அதுவே. காண்டல், கருதல், உரை என்று அறிவின் அளவைகளை வரிசைப்படுத்திய மரபு நம்முடையது. அவ்வரிசையில் உரை முதலில் நிற்கவில்லை.

ஒன்றைக் கூறாமல் நகர முடியவில்லை. அந்தப் பதினெண்மரிடம் யாரும் ஒப்புதல் கேட்கவில்லை. கேட்டு உணரும் நிலையிலும் பலர் இருந்திருக்க மாட்டார்கள். இன்றைய நெறிமுறையில் அப்பரிசோதனைக்கு இடமே கிடையாது. இயற்கையிடம் கேள்வி கேட்பவர் ஒருவராகவும் விலை கொடுப்பவர் மற்றொருவராகவும் இருந்த வரலாறு அது. அறிவியலைப் போற்றும்போது இதையும் சேர்த்தே மாணவர்க்குச் சொல்லுங்கள். மறைத்தால் அதுவும் எண்களை அழிக்கும் வேலைதான்.

உடன் பணியாற்றும் ஆசிரியர்கள் கேட்பது எனக்குத் தெரியும். நேரம் போதாது, அறிவியல் கூடத்தில் பொருளில்லை, பாடத்திட்டம் முடியாது. பஞ்சும் பயறும் தகரக் குவளையும் எத்தனை ரிங்கிட்? நேரமின்மை உண்மையே, அதனால் பத்துப் பரிசோதனைகளை எழுதாமல் இரண்டைச் செய்யுங்கள். முடிவுக் கட்டத்தைக் காகிதம் ஒட்டி மறைத்துவிடுங்கள். 'எதிர்பாராதது' என்று பேனாவால் ஒரு கட்டம் வரைந்து, அதற்கும் மதிப்பெண் கொடுங்கள்.

பெற்றோர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "ஐயா, நாளை தேர்வில் இக்கேள்வி வந்தால் பிள்ளை எதை எழுதுவான்?" இருட்டில் செடி உயர்ந்தது, ஆனால் தண்டு மெலிந்து இலை வெளிறியது என்று எழுதட்டும் என்றேன். அதற்கு மதிப்பெண் குறைத்தால் விடைத்தாளை எடுத்துக்கொண்டு வாருங்கள். திருத்தியவரிடம் நானும் உடன் வருகிறேன். அலமாரியில் வளர்ந்த குவளையையும் எடுத்து வருவோம்.