நான்கு வருடத்துக்கு ஒரு நாள் லீவு

யாழ்ப்பாணத்து வெங்காயமும் நுவரெலியாக் கரட்டும் தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்திற்குப் போய்ச் சேருவது லொறிச் சாரதிகளின் கண்விழிப்பால்தான். மரக்கறி விலையைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கின்றோம். அதை இரவிரவாக ஓட்டிச் செல்பவரைப் பற்றிப் பேசியது மிகக் குறைவு.

எமது நாட்டில் இலகுரக வாகனச் சாரதி அனுமதிப்பத்திரம் 8 வருடங்களுக்குச் செல்லுபடியாகும். கனரக வாகனங்களுக்கு 4 வருடங்கள் மாத்திரமே. ஒவ்வொரு முறை புதுப்பிக்கும்போதும் தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவனத்தின் வைத்தியச் சான்றிதழ் வேண்டும். அட்டையின் பின்புறத்தில் ஒவ்வொரு வாகன வகைக்கும் எதிரே முடிவுத் திகதி தனித்தனியாக இருக்கும். காருக்கும் வானுக்கும் உரிய திகதியைப் பார்த்துவிட்டு, இன்னும் காலம் இருக்கிறது என்று நினைத்து லொறியை எடுப்பவர்கள் எமது பகுதியிலேயே இருக்கின்றார்கள்.

ஆனால் எல்லோரும் தெரியாமல் செய்வதில்லை. எமக்குத் தெரிந்த சாரதி ஒருவர், ஐம்பதை எட்டுகிறவர், ஐந்து மாதமாகக் காலாவதியான அனுமதிப்பத்திரத்துடன் ஓடிக்கொண்டிருந்தார். கேட்டதற்கு, "சீனி வருத்தம் இருக்குது, டொக்டர் பிடிச்சிட்டால் வீட்டில அடுப்பு எரியாது" என்றார். முந்திய பரிசோதனைக்கு முதல் இரண்டு நாள் அரைப்பட்டினி கிடந்தாராம். அவர் ஓடுவது இரவில், பாரம் ஏற்றிக்கொண்டு, கடுகண்ணாவ இறக்கத்தில். கண் மங்கினால் அவர் மாத்திரமா போவார்?

இவருக்காக விதியைத் தளர்த்தும்படி நாம் கேட்கவில்லை. 2025 மே மாதம் கொத்மலை கரண்டியெல்லவில் பஸ் பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் மடிந்த பின்னர், கனரக வாகனச் சாரதிகள் விடயத்தில் தளர்வைப் பற்றி எவரும் வாய்திறக்க முடியாது. எமது முறைப்பாடு வேறு. அவரை அந்த நிலைக்குத் தள்ளியது பரிசோதனை அல்ல, பரிசோதனைக்குப் போகும் நாளில் சம்பளம் இல்லை என்பதுதான். லொறி ஓடினால்தான் காசு. கிளினிக்குக்கும் அதே கதை. நேரத்துக்கு மருந்து எடுத்தால் பெரும்பாலானோருக்குக் கட்டுப்படுத்தக்கூடிய ஒரு நோயை, கிளினிக் நாளில் சுமை ஏற்றப் போய் முற்றவிடுகின்றோம். பின்னர் சாரதி கவனயீனம் என்று எழுதி முடித்துவிடுகின்றோம்.

லொறி முதலாளிமார் டயரைப் பார்க்கின்றார்கள், காப்புறுதித் திகதியைப் பார்க்கின்றார்கள். சாரதியின் அட்டையைத் திருப்பிப் பார்ப்பவர் எத்தனை பேர்? விபத்து நடந்து, அனுமதிப்பத்திரம் காலாவதி என்று தெரிந்தால், காப்புறுதிக் கம்பனி கையை விரிக்கலாம் என்பதையாவது அவர்கள் யோசிக்கவேண்டும். நான்கு வருடத்துக்கு ஒரு நாள் சம்பளத்துடன் லீவும் சான்றிதழ்ச் செலவும் கொடுப்பது பெரிய தர்மம் அல்ல. ஒரு டயரின் விலைகூட வராது.

எமது கமக்காரர் அமைப்புகளுக்கும் இதில் பங்கு உண்டு. லொறி பேசும்போது வாடகையை மாத்திரம் பேசாமல், ஓட்டுபவரின் லொறி அனுமதி எந்தத் திகதி வரை என்றும் கேட்கலாம். கேள்வி கேட்பவர் சரக்குக்காரர் என்றால் முதலாளி பதில் சொல்லத்தான் வேண்டும்.

நாம் சொன்ன சாரதி இப்போது கிளினிக் போகின்றார். கூட்டுறவுச் சங்கத்தின் சிறிய வானை ஓட்டுகின்றார். வருமானம் பாதியாகிவிட்டது, மூத்த மகள் ரியூசனை நிறுத்திவிட்டாள்.