கழுத்துல ஆபரேஷனா? கேட்டு வைங்க!

பாலக்கோடு மண்டியில தக்காளிக் கூடை ஏத்தி இறக்கியே உங்களைக் காலேஜுக்கு அனுப்பின அப்பா, 'சட்டைப் பட்டன் போட வரலைடா, கை மரத்துப் போகுது'ன்னு சொன்னா தைலம் தேய்ச்சு விட்டுடாதீங்க. கழுத்துல தண்டுவடம் நசுங்குற அறிகுறியா இருக்கலாம்.

ஆபரேஷன்னதும் வீடே கேட்கும், 'கை கால் விழுந்துடுமா?' அது அபூர்வம். சர்ஜன்கள் அதிகம் எச்சரிக்கிறது வேற. முன்கழுத்து வழியா டிஸ்க்கை எடுத்து எலும்புகளை இணைக்கிற முறை 1950-கள்லயே வந்தாச்சு. உணவுக்குழாயை ஓரங்கட்டித்தான் உள்ளே போகணும். அதனால சில வாரம் விழுங்கக் கஷ்டம், குரல் கம்மல் வரலாம், பெரும்பாலும் சரியாயிடும்.

ஆனா கழுத்து வீங்கி மூச்சுத் திணறினா? உள்ளே ரத்தம் கட்டி மூச்சுக்குழாயை அழுத்தலாம். பெரும்பாலும் முதல் நாள்லயே வரும். வார்டுன்னா நர்ஸைக் கத்திக் கூப்பிடுங்க, வீடுன்னா 108. 'காலையில பார்த்துக்கலாம்' வேண்டவே வேண்டாம்.

சர்ஜன்களுக்குள்ளயே ஒரு பட்டிமன்றம் உண்டு. இணைச்ச இடத்துக்குப் பக்கத்து டிஸ்க்கும் பின்னாடி தேயுதே, காரணம் ஆபரேஷனா, வயசா? 1999-ல் ஹிலிப்ராண்ட் குழுவோட அமெரிக்க ஆய்வு, வருஷத்துக்கு 2.9 சதவீதம் பேருக்கு இந்தத் தொல்லைன்னு கணக்குச் சொல்லுச்சு. அசையுற செயற்கை டிஸ்க் மேல ஆர்வம் கூடினதுக்கு இதுவும் ஒரு காரணம். அதுவும் எல்லாருக்கும் பொருந்தாது.

மறுபடி கூடை தூக்கலாமா, எப்போ? டாக்டர்கிட்ட முன்னாடியே கேளுங்க. பீடி, சிகரெட் எலும்பு சேர்றதைக் கெடுக்கும். அந்தக் கேள்வியையும் நீங்களே கேட்டுடுங்க. அப்பா கேட்க மாட்டார்!