மலக்குழிக்கு மட்டும் மனிதக் கையா?

ஓடும் கதிரில் நூல் அறுந்தால் மில் தொழிலாளியின் விரலுக்குத் தெரியும். சேறு பதமா இல்லையா என்பது நாற்று நடும் பெண்ணின் கைக்குத் தெரியும். உழைப்பாளியின் அறிவில் பாதி கையில் இருக்கிறது. அந்தக் கையின் உணர்ச்சியையே கம்பி வழியாக வேறோர் இடத்துக்கு அனுப்ப விஞ்ஞானம் வழி கண்டுவிட்டது. இதனால் யாருக்கு லாபம் என்பதுதான் நம்முடைய கேள்வி.

அமெரிக்காவில் சிகாகோ நகருக்கருகே ஆர்கான் அணு ஆராய்ச்சிக்கூடம் இருக்கிறது. அணுக்கதிர் வீசும் பொருளை மனிதன் தொட்டால் ஆபத்து. ஆகவே 1940-களின் இறுதியில் ரேமண்ட் கோர்ட்ஸ் என்ற பொறியாளரும் அவருடைய சகாக்களும் ஓர் இரட்டைக் கையைச் செய்தார்கள். தடித்த சுவருக்கு இப்பால் மனிதன் ஒரு பிடியை அசைப்பான். அப்பால் இரும்புக் கை அப்படியே அசையும். 1954-ல் அதை மின்சாரத்தால் இயக்கினார்கள். இரும்புக் கை எதிலாவது முட்டினால், இப்பாலுள்ள மோட்டார் மனிதனின் கையைத் திருப்பித் தள்ளும். முட்டியதைக் கை உணரும். சினிமாவில் நொடிக்கு 24 படம் ஓடினால் கண்ணுக்குப் போதும். கைக்கோ இன்றைய கருவிகள் நொடிக்குச் சுமார் 1,000 முறை சேதி சொல்கின்றன.

இப்பாலுள்ள கைக்கு எஜமான் என்றும், அப்பாலுள்ள கைக்கு அடிமை என்றும் பெயர் வைத்தார்கள். இரும்பு அடிமையாக இருக்கட்டும். நமக்கு ஆட்சேபணை இல்லை.

2001 செப்டம்பர் 7-ந் தேதி நியூயார்க்கில் இருந்த டாக்டர்கள், பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் படுத்திருந்த ஒரு பெண்ணின் பித்தப்பையை இயந்திரக் கையால் அகற்றினார்கள். சமுத்திரத்தைத் தாண்டும் இயந்திரக் கை, தெருச் சாக்கடைக்குள் இறங்காதா?

இறங்கும்! 2018-ல் திருவனந்தபுரத்தில் பேண்டிகூட் என்ற இயந்திரம் வேலைக்கு வந்தது. தொழிலாளி மேலே நின்று காமிராப் படத்தைப் பார்த்து இயக்குகிறார். இரும்புக் கை குழிக்குள் இறங்கி அடைப்பை அள்ளுகிறது.

பாதுகாப்பின்றிச் சாக்கடையில் ஆளை இறக்குவது 2013-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அப்படிச் செத்தால் 30 லட்ச ரூபாய் நஷ்ட ஈடு என்று 2023 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. ஆனாலும் விஷவாயுச் சாவுகள் நிற்கவில்லை. ஏன்? காண்டிராக்டரின் கணக்கில் இயந்திரத்தைவிடக் கூலியாளின் உயிர் மலிவு. இறக்கப்படுகிறவர் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்தவர். குறை விஞ்ஞானத்தில் இல்லை. சாதியும் சுரண்டலும் கைகோத்த சமுதாய அமைப்பில் இருக்கிறது.

"இயந்திரம் வந்தால் வேலை போய்விடுமே" என்று தோழர்கள் சிலர் கேட்கலாம். அந்த அச்சம் நியாயமானதே. டோக்கியோ கடைகளில் பானப் புட்டிகளை அடுக்கும் இயந்திரம் திணறினால், மணிலாவில் உட்கார்ந்திருக்கும் தொழிலாளிகள் அதை இயக்கிச் சரிசெய்கிறார்கள். ஆளைக் கப்பலேற்றாமலே, அவன் கையின் உழைப்பை மலிவாக வாங்க முதலாளி கற்றுக்கொண்டான். இதற்குப் பரிகாரம் இயந்திரத்தை உடைப்பதல்ல. எந்த நிபந்தனையில் அது வருகிறது என்பதே போராட்டம்.

ஆகவே நாம் கோருகிறோம்: ஒவ்வொரு நகராட்சியும், ஒவ்வொரு பேரூராட்சியும் இந்த இயந்திரங்களை வாங்க வேண்டும். இன்று குழியில் இறங்குகிறவருக்கே பயிற்சியும், அதை இயக்கும் நிரந்தர வேலையும், உயர்ந்த சம்பளமும் தர வேண்டும். ஒருவரையும் வீட்டுக்கு அனுப்பக் கூடாது. ஆளை இறக்கும் காண்டிராக்டரைச் சிறையில் தள்ள வேண்டும்.

இது துப்புரவுத் தொழிலாளருடைய பிரச்சினை மட்டுமல்ல. மில் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் அவர்களோடு தோளோடு தோள் நிற்க வேண்டும். இரும்பு அடிமையாகட்டும்! மனிதன் நிமிர்ந்து நிற்கட்டும்!