தொழிலாளியின் காகிதமும் முதலாளியின் கடமையும்

"இகாமா முடிந்துவிட்டது, கபீல் புதுப்பிக்கவில்லை" என்று ரியாத்திலிருந்தோ தம்மாமிலிருந்தோ மகன் போன் செய்தால், அன்றைக்கு அந்த வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது. இந்த வேதனையை அறியாத மஹல்லா தமிழகத்தில் உண்டா?

சவூதி தொழிலாளர் சட்டத்தின் 40-வது பிரிவு தெளிவாகவே சொல்கிறது. இகாமா, வேலை அனுமதி ஆகியவற்றின் கட்டணமும், புதுப்பிக்கும் செலவும், தாமதமானால் விழும் அபராதமும் முதலாளியின் பொறுப்பு. ஆனால் தேதி தவறினால் தெருவில் பிடிபடுவது நம் வீட்டுப் பிள்ளைதான். 2013-ல் நிதாகத் கெடுபிடியின்போது எத்தனை பேர் மூட்டை முடிச்சுடன் விமானம் ஏறினார்கள்! கபீலின் கடமையைப் பற்றி நாம் அன்று பேசாத மேடை இல்லை.

சரி, நாமே முதலாளியாக இருக்கும் இடத்தில் என்ன செய்கிறோம்?

கே.ஜி.கண்டிகை, திருத்தணி வட்டாரத்தில் வடமாநில இளைஞர்களை வேலைக்கு வைத்திருக்கும் வியாபாரிகளிடம் இப்போது ஒரே பேச்சு. "வங்காளிப் பையன் ஒருத்தன் கடையில் இருக்கிறான் பாய், நாளைக்கு வம்பு வருமா? கணக்கை முடித்து அனுப்பிவிடவா?"

இந்தப் பயம் ஆகாயத்திலிருந்து விழவில்லை. 2025 ஜனவரியில் திருப்பூர் பகுதியில் வங்கதேசத்தவர் பலர் கைதானார்கள். அதே ஆண்டு பல மாநிலங்களில் வங்க மொழி பேசும் தொழிலாளர்களைப் பிடித்து அடைத்தார்கள். மேற்கு வங்கத்தைச் சேர்ந்த இந்தியக் குடிமக்கள் சிலரையே எல்லைக்கு அப்பால் தள்ளிவிட்டு, பிறகு திரும்ப அழைத்து வந்த கொடுமையும் நடந்தது. டெல்லியில் பிடிபட்ட பீர்பூம் மாவட்டத்துக் கர்ப்பிணி ஒருவர், கல்கத்தா உயர்நீதிமன்றமும் உச்சநீதிமன்றமும் தலையிட்ட பிறகே டிசம்பரில் ஊர் திரும்பினார்.

2025 செப்டம்பர் 1 முதல் புதிய குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம் அமலில் இருக்கிறது. தான் அந்நியன் அல்ல என்று நிரூபிக்கும் பாரத்தை, பழைய 1946 சட்டத்தைப் போலவே, இதுவும் சந்தேகத்துக்கு ஆளானவன் தலையில்தான் வைக்கிறது. ஆதார் அட்டை குடியுரிமைக்குச் சான்றல்ல என்று ஆதார் சட்டமே சொல்கிறது. அப்படியானால், வேலைக்குச் சேர்ந்த அன்று முதலாளி வாங்கி வைத்த நகல்கள், நெருக்கடி வரும் நாளில் அந்த ஏழைக்குக் கேடயம் ஆகின்றன. காகிதம் கேட்பதன் பயன் இதுதான். ஆளை விரட்டுவதற்கு அதைச் சாக்காக்கக் கூடாது.

எல்லோரிடமும் ஒரே மாதிரி கேளுங்கள். நகரியிலிருந்து வருபவனிடம் கேட்காததை முர்ஷிதாபாத்திலிருந்து வருபவனிடம் மட்டும் கேட்காதீர்கள். இந்தியக் குடிமகனின் வேலை உரிமைக்குக் காலாவதித் தேதி கிடையாது. நாட்டின் எந்த மூலையிலும் தங்கித் தொழில் செய்ய அரசியல் சட்டத்தின் 19-வது பிரிவு உரிமை தந்திருக்கிறது. ஒருமுறை பார்த்த பிறகு, மாதாமாதம் அவனை நிறுத்தி வைத்து விசாரிப்பது அவமதிப்பு. நேபாளிக்கும் 1950 ஒப்பந்தப்படி விசா தேவையில்லை. மற்ற வெளிநாட்டவர் என்றால், வேலை செய்ய அனுமதிக்கும் விசாதானா, என்றைக்கு முடிகிறது என்று குறித்து வைத்து, அந்தத் தேதிக்கு முன்பே மறுபடி பார்க்க வேண்டும். தங்க இடமும் கொடுத்தால் உரிய அதிகாரியிடம் தெரிவிக்க வேண்டும்.

அமெரிக்காவை நாம் புகழ்வது அபூர்வம். ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். முதலாளிகள் வேலை அனுமதியைச் சரிபார்க்க வேண்டும் என்று 1986-ல் சட்டம் போட்டவர்கள், பூர்வீகத்தைப் பார்த்து ஆளை ஒதுக்கக் கூடாது என்றும் அதிலேயே எழுதினார்கள். பட்டியலில் உள்ள எந்த ஆவணத்தைக் காட்டுவது என்பது அங்கே தொழிலாளியின் விருப்பம். குடிமகனிடம் மறுபரிசோதனை கிடையாது. நம் ஆட்சியாளர்கள் சோதனையை மட்டும் கொண்டு வந்தார்களே, இந்தப் பாதுகாப்பை ஏன் மறந்தார்கள்?

மொழியை வைத்து நாட்டைத் தீர்மானிப்பது எவ்வளவு அபத்தம் என்று நமக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. 1960 ஏப்ரல் 1 வரை திருத்தணி ஆந்திரத்தில் இருந்த ஊர். கோடுதான் நகர்ந்தது. தமிழ் பேசியவரும் தெலுங்கு பேசியவரும் அவரவர் வீட்டிலேயே இருந்தார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் பிள்ளையின் பாஸ்போர்ட்டைக் கபீல் பிடுங்கி வைத்தால் கொதிக்கிறோம். இங்கே "ஓடிவிடுவான்" என்று ஒரிஜினல் அட்டைகளைக் கல்லாப்பெட்டியில் பூட்டும் முதலாளிகள் நம்மிலேயே இல்லையா? அது அமானிதம் அல்ல, அபகரிப்பு.

"அனுப்பிவிடவா?" என்று கேட்கும் சகோதரருக்கு நம் பதில்: வேண்டாம். வாக்காளர் அட்டை, ஆதார் நகல்களை ஒரு ஃபைலில் போடுங்கள். ஊரில் உள்ள வீட்டாரின் போன் நம்பரையும் எழுதி வையுங்கள். வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கான தமிழக தொழிலாளர் துறை இணையதளத்தில் பதிவு செய்யுங்கள். கம்ப்யூட்டர் தெரிந்த ஜமாஅத் இளைஞர்கள் அதற்கு உதவட்டும். போலீஸ் வந்தால் ஃபைலைக் காட்டி அவனுக்காகப் பேசுங்கள். ஒரிஜினலை இன்றைக்கே அவன் கையில் கொடுத்துவிடுங்கள்.