பட்டியல் போதாது, எண்ணிக்கை வேண்டும்

மதிப்பிற்குரிய தலைமை வன உயிரினக் காப்பாளர் அவர்களுக்கு,

யானையை எண்ணுகிறீர்கள், வரையாட்டை எண்ணுகிறீர்கள், பாறுக் கழுகையும் எண்ணுகிறீர்கள். பறவைக் கணக்கெடுப்பு வந்தால் எங்களைப் போன்ற தன்னார்வலர்களையும் சேர்த்துக்கொள்கிறீர்கள். 2019இல் தமிழ் மறவன் மாநிலப் பட்டாம்பூச்சியாகவும் அறிவிக்கப்பட்டது. அந்த மறவன் போன கோடையைவிட இந்தக் கோடையில் கூடியிருக்கிறானா குறைந்திருக்கிறானா என்று கேட்டால், பெரும்பாலும் இனப் பட்டியலைத்தான் எடுத்துக் காட்ட முடிகிறது.

பட்டியல் வேண்டாம் என்று சொல்லவில்லை. தமிழ்நாட்டில் முந்நூற்றுக்கும் மேற்பட்ட பட்டாம்பூச்சி இனங்கள் இருப்பதைப் பட்டியல் போட்டவர்களின் உழைப்பால்தான் அறிந்தோம். ஆனால் ஓடைக்கரையில் ஆயிரம் பறந்தாலும் ஒன்று பறந்தாலும் பட்டியலில் விழுவது ஒரே ‘டிக்’தான். கடைசிப் பூச்சியும் போன பிறகுதான் பெயர் நீங்கும். அப்போது தெரிந்து என்ன பயன்? இதில் கேமராக்காரர்களான எங்களுக்கும் பங்குண்டு. அரிய இனம் ஒன்று கிடைத்தால் காடே கிடைத்ததுபோல் துள்ளுகிறோம். ஈரமணலில் உப்புச்சத்தை உறிஞ்சக் கூட்டமாக உட்கார்ந்திருக்கும் சாதாரண மஞ்சள் பூச்சிகளை எண்ண எவருக்கும் பொறுமை இல்லை.

எண்ணும் முறை புதிதல்ல. இங்கிலாந்தில் எர்னி பொலார்டு வகுத்த வழிப்படி 1976 முதல் தேசிய அளவில் எண்ணி வருகிறார்கள். ஒரே பாதை, ஒரே சீரான நடை, ஐந்து மீட்டர் அகலத்துக்குள் தென்படுபவை மட்டும் கணக்கு. அமெரிக்காவில் 1975 முதல் கோடையில் இன்னொரு முறை நடக்கிறது: பதினைந்து மைல் விட்டமுள்ள ஒரு வட்டத்தைக் குறித்துக்கொண்டு, தன்னார்வலர்கள் ஒரே நாளில் எண்ணி முடிக்கிறார்கள். தொடக்கத்துக்கு, நிலையான பாதைகளில் இந்த ஒருநாள் முறையை நடத்துவதே நமக்குத் தோதானது. வெயில் விதியை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும். பதின்மூன்று டிகிரிக்குக் கீழே போனால் நடக்காதே என்கிறது இங்கிலாந்துக்காரர்களின் விதி. நம் சித்திரை வெயிலுக்கு, பதினொரு மணிக்கு மேல் நடக்காதே என்று எழுத வேண்டியிருக்கும்.

சத்தியமங்கலத்தில் தொடங்கலாம் என்பது என் விண்ணப்பம். மேற்கு மலையும் கிழக்கு மலையும் கைகோக்கும் காடு அது. ஏப்ரல் முதல் ஜூன் வரை, தென்மேற்குப் பருவமழைக்கு முன்பாக, ப்ளூ டைகர், காமன் குரோ வகைப் பூச்சிகள் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கே வலசை போகின்றன. அக்டோபர், நவம்பரில் திரும்புகின்றன. வழியில் கிலுகிலுப்பையிலும் தேள்கொடுக்கிலும் ஆண் பூச்சிகள் மொய்த்துக் கிடக்கும். அந்தச் செடிகளின் சாற்றிலிருந்துதான் இணை தேடுவதற்கான வாசனைப் பொருளை அவை உண்டாக்கிக்கொள்கின்றன. இந்த வலசை எந்த ஆண்டு முந்தியது, எந்த ஆண்டு மெலிந்தது என்று கோடைதோறும் எண்ணினால்தான் சொல்ல முடியும்.

எண்ணிக்கை உங்கள் வேலைக்கும் உதவும். புலிகள் காப்பகங்களில் உண்ணிச்செடியை அகற்றி வருகிறீர்கள், அகற்றத்தான் வேண்டும். ஆனால் அதன் பூவில் தேன் குடித்துப் பழகிவிட்டன பல பட்டாம்பூச்சிகள். வெட்டிய இடத்தில் புல்லும் நாட்டுச் செடியும் தழைத்த பின் அவை கூடுகின்றனவா, குறைகின்றனவா? வெட்டுவதற்கு முன்பும் பின்பும் அதே பாதையில் எண்ணினால் விடை கிடைக்கும். இதற்குப் பெரிய செலவு கிடையாது.

யானை நடமாடும் காட்டில் தன்னார்வலர்கள் தனியே திரிய முடியாது என்பது எங்களுக்கும் தெரியும். ஒவ்வொரு குழுவுடனும் வேட்டைத் தடுப்புக் காவலர் ஒருவர் வரட்டும். வழிகாட்டியாக மட்டும் அல்லாமல், எண்ணுபவராகவும் அவர் பெயர் அறிக்கையில் இடம்பெறட்டும். எந்த ஓடையில் எப்போது பூச்சி இறங்கும் என்பதை எங்களைவிட அவர்தான் நன்றாக அறிவார்.

ஆகவே, வரும் கோடைக்குள் சில பாதைகளை நிரந்தரமாகக் குறித்துக் கொடுங்கள். ஆண்டுதோறும் அதே வாரத்தில் அனுமதி கிடைக்கும் என்று எழுத்தில் உறுதி கொடுங்கள். அதிகாரிகள் மாறினாலும் கணக்கெடுப்பு நிற்கக்கூடாது. எண்ணிக்கையை இனவாரியாக, பாதைவாரியாக எல்லாரும் பார்க்க வெளியிடுங்கள். நடக்க நாங்கள் தயார்.

இப்படிக்கு,
ஒரு தன்னார்வலர்